‘இன்ஃப்ளேமபிள்’ தீப்பிடிக்குமா, பிடிக்காதா? ஒரு முன்னொட்டின் இரண்டு வேர்கள்

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போக நேர்ந்தால், அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருக்க முடியாது. பெரிய எழுத்தில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். வீட்டுக்கு வந்து சானிடைசர் பாட்டிலையோ சென்ட் பாட்டிலையோ திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் ‘ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். இரண்டும் எரியக்கூடிய பொருள்கள். ஒன்றில் ‘இன்’ இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

‘இன்’ முன்னால் வந்தால் எதிர்ப்பதம் என்றுதான் பள்ளியில் படித்தோம். கரெக்ட் – இன்கரெக்ட், வேலிட் – இன்வேலிட், விசிபிள் – இன்விசிபிள். அதே கணக்கில் பார்த்தால் அந்த லாரி தீப்பிடிக்காத சரக்கை ஏற்றிச் செல்கிறது என்றல்லவா ஆகிறது?

ஆகாது. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் இதை ஒரு விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது விதிவிலக்கு இல்லை. ஆங்கிலத்தில் ‘இன்’ என்று இரண்டு வெவ்வேறு முன்னொட்டுகள் இருக்கின்றன. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. நாம் படித்தது அதில் ஒன்றை மட்டும்தான்.

முதலில் அடிப்படை: முன்னொட்டு என்றால் என்ன?

ஒரு சொல்லின் தலையில் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் சிறு துண்டுதான் முன்னொட்டு. தனியாக நிற்காது. ‘ரீ’ (மறுபடி), ‘ப்ரீ’ (முன்பாக), ‘அன்’ (அல்லாத) என்று ஆங்கிலத்தில் நிறைய உண்டு.

தமிழுக்கு இந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. நம் மொழியில் ஏறக்குறைய எல்லாமே வாலில்தான் ஒட்டும். வேற்றுமை உருபு, காலம், பால், எண், ஏன், எதிர்மறைகூடப் பின்னால்தான் வரும்: செய்யாத, செய்யாமல், செய்யாமை. தலையில் எதிர்மறை ஒட்டும் சொல் தமிழில் அபூர்வம். நன்றாகத் தெரிந்த ஒன்று அஃறிணை: அல் + திணை, அதாவது உயர்திணை அல்லாதது. அதனால் ஆங்கிலச் சொல்லின் தலையைப் பார்த்துப் பொருள் சொல்வது நமக்கு இயல்பாக வருவதல்ல, பழகிப் பெறுவது. அந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகம் பாதியில் விட்டுவிட்டது என்பதுதான் இங்கே சிக்கல்.

ஒரே உருவம், இரண்டு பிறப்பு

1. எதிர்மறை ‘இன்’. ‘அல்லாத’, ‘இல்லாத’, ‘முடியாத’ என்று பொருள். லத்தீனிலிருந்து வந்தது. இன்கரெக்ட், இன்டைரக்ட், இன்விசிபிள் எல்லாம் இந்த வகை.

2. திசை காட்டும் ‘இன்’. ‘உள்ளே’, ‘மேலே’, ‘ஒன்றை நோக்கி’ என்று பொருள். இதுவும் லத்தீன்தான். ஆங்கிலத்தில் நாம் அன்றாடம் சொல்லும் ‘இன்’ (உள்ளே) என்ற சொல்லுக்கு இது உறவு. இம்போர்ட் என்றால் உள்ளே சுமந்து வருவது. போர்ட் என்ற பகுதிக்கு லத்தீனில் சுமத்தல் என்று பொருள்.

ஒரு மருத்துவமனைக்குப் போனால் இரண்டு வகையும் ஒரே நாளில் காதில் விழும். இன்ஜெக்‌ஷன் என்றால் உள்ளே எறிவது, செலுத்துவது. இன்சிஷன் என்றால் உள்நோக்கி வெட்டுவது. இம்ப்ளான்ட் என்றால் உள்ளே நடுவது. இவை திசை வகை. இன்டைஜெஷன் என்றால் செரிமானம் இல்லாமை. இன்சோம்னியா என்றால் தூக்கம் இல்லாமை. லத்தீனில் சோம்னஸ் என்பது தூக்கம். இவை எதிர்மறை வகை. வங்கியிலும் அப்படித்தான். ஏடிஎம் திரையில் வரும் ‘இன்வேலிட்’, ‘இன்சஃபிஷியன்ட்’ இரண்டும் எதிர்மறை. சம்பளமாக வரும் ‘இன்கம்’ உள்ளே வருவது.

‘இன்வெஸ்ட்மென்ட்’ கொஞ்சம் சுவையான சொல். லத்தீனில் அதன் வேருக்கு ஆடை உடுத்துவது என்று பொருள். பணத்துக்கு வேறொரு உருவத்தை உடுத்தி அனுப்புவது என்ற எண்ணத்தில் இத்தாலிய வணிகர்கள் வழியாக அது முதலீடு என்ற பொருளுக்கு வந்தது என்று கருதப்படுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொருளில் 1610களில், கிழக்கிந்திய வணிகத்தையொட்டித்தான் முதலில் தென்படுகிறது.

இப்போது ‘இன்ஃப்ளேமபிள்’. லத்தீனில் ஃப்ளாமா என்றால் சுடர். அதன் முன்னால் திசை ‘இன்’ சேர்ந்து ‘இன்ஃப்ளாமாரே’ என்ற வினை பிறந்தது. தீயை உள்ளே ஏற்று, மூட்டு, கொளுத்து என்று பொருள். அதுதான் ஆங்கிலத்தில் ‘இன்ஃப்ளேம்’. உடம்பில் ஒரு இடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிப்பதை ‘இன்ஃப்ளமேஷன்’ என்கிறார்கள். கலவரத்தைத் தூண்டும் பேச்சு ‘இன்ஃப்ளமேட்டரி’ பேச்சு. எல்லாவற்றிலும் தீ மூட்டப்படுகிறது, எதிலும் அணைக்கப்படவில்லை. தமிழ் மருத்துவ நூல்களில் இன்ஃப்ளமேஷனுக்கு என்ன சொல் என்று பாருங்கள்: அழற்சி. அழல் என்றால் நெருப்பு. லத்தீன்காரர் பார்த்த அதே தீயைத் தமிழும் அதே புண்ணில் பார்த்திருக்கிறது. இந்தச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

‘இன்’ ஏன் ‘இம்’, ‘இல்’, ‘இர்’ ஆகிறது?

இது தமிழ் வாசகருக்கு எளிதில் புரியும், ஏனென்றால் இது புணர்ச்சி விதி. மரம் + கள் = மரங்கள் என்று எழுதுகிறோம். வரும் வல்லினத்துக்கு ஏற்ப மெல்லினம் மாறிக்கொள்கிறது. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘சம்’ என்ற முன்னொட்டும் அப்படித்தான் நடந்துகொள்கிறது: சங்கமம், சஞ்சாரம், சந்தோஷம், சம்பந்தம். நான்கிலும் தலையில் இருப்பது ஒரே ‘சம்’. பின்னால் வரும் எழுத்தை ஒலிக்க வாய் எப்படித் தயாராகிறதோ அதற்கு ஏற்ப அது ங், ஞ், ந், ம் என்று மாறுகிறது.

லத்தீனில் ‘இன்’னும் இதையே செய்தது:

1. உதடு மூடி ஒலிக்கும் எழுத்துகளுக்கு முன் ‘இம்’: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மாரல்.
2. லகரத்துக்கு முன் ‘இல்’: இல்லீகல், இல்லிட்டரேட்.
3. ரகரத்துக்கு முன் ‘இர்’: இர்ரெகுலர், இர்ரெலவன்ட்.

இந்த மாற்றம் எதிர்மறை ‘இன்’னுக்கு மட்டும் உரியதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். திசை ‘இன்’னும் அதேபோல மாறும். இல்லீகல் என்பதில் ‘இல்’ எதிர்மறை. இல்யூமினேட் என்பதில் அதே ‘இல்’, ஒன்றின் மேல் ஒளி பாய்ச்சுவது. இர்ரெகுலர் என்பதில் ‘இர்’ எதிர்மறை. இர்ரிகேஷன் என்பதில் அதே ‘இர்’, நிலத்துக்குள் நீர் பாய்ச்சுவது. பாசனத்துறைக்கு ஆங்கிலப் பெயர் சொல்லும்போது யாரும் அதை எதிர்மறையாக நினைப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை முழுதாகவே கற்றுக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை செய்பவர்களுக்கும் இது உதவும். இம்மாரல் என்பதில் ‘எம்’ இரண்டு முறை வரும், ஒன்று முன்னொட்டுடையது, மற்றது மாரல் என்ற சொல்லுடையது. இன்னசன்ட் என்பதில் ‘என்’ இரண்டு, ஏனென்றால் தீங்கு செய்வது என்று பொருள்படும் அடுத்த பகுதி ‘என்’னில் தொடங்குகிறது. தீங்கு செய்யாதவர் இன்னசன்ட். ஆனால் தடுப்பூசிக்குச் சொல்லும் ‘இனாக்குலேட்’ என்பதில் ‘என்’ ஒன்றே ஒன்றுதான். படித்தவர்களே இரண்டு போட்டு எழுதிவிடும் சொல் இது. அதில் ‘இன்’னுக்கு அடுத்து வருவது ‘ஆக்குலஸ்’, லத்தீனில் கண். ஊசிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? உருளைக்கிழங்கில் முளை விடும் குழியை நாமும் கண் என்கிறோம், தேங்காய்க்கும் கண் உண்டு. லத்தீன்காரர்களுக்கும் செடியின் மொட்டு ஒரு கண். ஒரு செடியின் மொட்டை இன்னொரு செடியின் தண்டைக் கீறி உள்ளே பதித்து ஒட்டுக்கட்டுவதுதான் முதலில் இனாக்குலேஷன். 1700களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெரியம்மைக்கு, தோலைக் கீறி அம்மைப் பாலைச் சிறிதளவு உள்ளே பதிக்கும் முறை பரவியபோது, தோட்டக்காரரின் சொல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. இங்கும் ‘இன்’ என்பது உள்ளே.

எங்கே வெட்டுவது? இதுதான் மையமான கேள்வி

இலக்கண வகுப்பில் ‘செம்பொன்பதின்றொடி’ என்ற எடுத்துக்காட்டு வரும். செம்பொன் + பதின் + தொடி என்று பிரித்தால் சிவந்த பொன்னாலான பத்து வளையல். செம்பு + ஒன்பதின் + தொடி என்று பிரித்தால் செம்பாலான ஒன்பது வளையல். எழுத்தும் ஒலியும் மாறவே இல்லை. வெட்டிய இடம் மாறியது, பத்து ஒன்பதானது, பொன் செம்பானது.

இன்ஃப்ளேமபிள் அப்படிப்பட்ட சொல்தான். இரண்டு விதமாக வெட்டலாம்:

1. இன் + ஃப்ளேமபிள். அதாவது முதலில் ‘தீப்பற்றக்கூடிய’ என்ற சொல், பிறகு அதற்கு எதிர்மறை. இப்படி வெட்டினால் தீப்பற்றாதது.
2. இன்ஃப்ளேம் + ஏபிள். அதாவது முதலில் ‘மூட்டு’ என்ற வினை, பிறகு ‘கூடிய’ என்ற பின்னொட்டு. இப்படி வெட்டினால் தீ மூட்டக்கூடியது.

வரலாற்றின்படி இரண்டாவது வெட்டுதான் சரி. கண் தானாகப் போவது முதல் வெட்டுக்கு, ஏனென்றால் ‘ஏபிள்’ என்று முடியும் சொல்லுக்கு முன்னால் வரும் ‘இன்’ ஏராளமான இடங்களில் எதிர்மறையாகவே இருக்கிறது: இன்க்யூரபிள் (குணப்படுத்த முடியாத), இன்டாலரபிள் (தாங்க முடியாத), இன்எவிட்டபிள் (தவிர்க்க முடியாத). பழகிய பாதையில் கால் தானாகப் போவதுபோல.

இரண்டையும் பிரித்தறிய லத்தீன் இலக்கணமே ஒரு நல்ல வழி தருகிறது. எதிர்மறை ‘இன்’ பெரும்பாலும் பெயரடைகளோடுதான் சேரும்: சரியான, நேரான, தெரிகிற போன்ற பண்புச் சொற்களோடு. திசை ‘இன்’ வினைகளோடு சேரும்: எறி, வெட்டு, சும, மூட்டு. ஆகவே ஒரு சொல்லிலிருந்து ‘ஏபிள்’ என்ற வாலைக் கழற்றிப் பாருங்கள். மிச்சம் நிற்பது ‘இன்’னோடு கூடிய ஒரு முழு வினையாக இருந்தால், அந்த ‘இன்’ அநேகமாகத் திசை காட்டுவது.

இன்ஃப்ளேட்டபிள் என்ற சொல்லில் வாலைக் கழற்றினால் ‘இன்ஃப்ளேட்’ நிற்கிறது: ஊது, காற்றடி. ஆக, ஊதிப் பெருக்கக்கூடியது. நீச்சல் பழகும் பிள்ளைகளின் காற்றடித்த வளையம் இன்ஃப்ளேட்டபிள். அமைப்பில் இன்ஃப்ளேமபிளின் உடன்பிறப்பு இது, ஆனால் யாரையும் குழப்பியதில்லை. காரணம் எளிது: ‘ஃப்ளேட்டபிள்’ என்று ஒரு சொல் புழக்கத்தில் இல்லை, எனவே தவறாக வெட்ட இடமே இல்லை.

இன்வேல்யுவபிள் என்பதில் வாலைக் கழற்றினால் ‘இன்வேல்யூ’ என்று ஒரு வினை கிடைக்காது. எனவே வெட்டு முன்னால்தான்: மதிப்பிட முடியாதது. அதற்குப் பொருள் விலைமதிப்பற்றது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இன்ஹேபிட்டபிள் இன்னும் கடினமானது. ‘இன்ஹேபிட்’ என்ற வினை இருக்கிறது: ஓரிடத்துக்குள் குடியிரு. எனவே இன்ஹேபிட்டபிள் என்றால் குடியிருக்கத்தக்கது. ‘ஹேபிட்டபிள்’ என்றாலும் குடியிருக்கத்தக்கதுதான். ஃப்ளேமபிள் – இன்ஃப்ளேமபிள் ஜோடியைப் போலவே இதுவும். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர்களே இந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் வெட்டியிருக்கிறார்கள், குடியிருக்க முடியாத இடம் என்ற பொருளிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. இன்று அந்தப் பொருளுக்கு ‘அன்’ என்ற இன்னொரு முன்னொட்டைத் தலையில் ஏற்றி ‘அன்இன்ஹேபிட்டபிள்’ என்கிறார்கள். கட்டடம் இடியும் நிலையில் இருப்பதாகச் சொல்லும் அறிக்கைகளில் இதைப் பார்க்கலாம். அங்கே ‘அன்’ எதிர்மறை, ‘இன்’ திசை, இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ‘இன்வேலிடேட்’ (செல்லாததாக்கு), ‘இம்மொபிலைஸ்’ (அசையவிடாமல் செய்) போன்றவை வினைகள்தான், ஆனாலும் எதிர்மறை. இவை முதலில் எதிர்மறைப் பெயரடையாக இருந்து பிறகு வினையானவை. ‘இன்வேலிட்’ பிறந்தது முன்னால், ‘இன்வேலிடேட்’ அதன் பிள்ளை. எனவே விதி உடையவில்லை.

எச்சரிக்கைப் பலகையில் வந்த மாற்றம்

ஆங்கிலத்தில் ‘இன்ஃப்ளேமபிள்’ மூத்தது. 1600களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ‘ஃப்ளேமபிள்’ அதற்கு 200 ஆண்டு இளையது, 1813இல்தான் எழுத்தில் தென்படுகிறது. அதன்பிறகும் நீண்ட காலம் அதை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை.

அதை வெளியே கொண்டுவந்தவர்கள் தீயோடு போராடுகிறவர்களும் காப்பீட்டுத் துறையினரும். ஒரு பீப்பாயின் மேல் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைத் தொழிலாளி ஒருவர் ‘தீப்பிடிக்காது’ என்று படித்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை அவர்களுக்கு. அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கம் 1920களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் பிறகு அதே வழிக்கு வந்தது. தீப்பிடிக்காததற்கு ‘நான்ஃப்ளேமபிள்’. ‘நான்’ என்ற முன்னொட்டுக்கு ‘அல்லாத’ என்ற ஒரே பொருள்தான், இன்னொரு பிறப்பு கிடையாது. எனவே அது பாதுகாப்பானது.

பலகையில் எழுதும் ஒரு சொல் மனிதர்களின் கையை எப்படி நடத்துகிறது என்பதைப் பெஞ்சமின் லீ வோர்ஃப் நேரடியாகப் பார்த்திருக்கிறார். மொழியியலில் பெரிய பெயர், ஆனால் அவருடைய பிழைப்பு தீக் காப்பீட்டு நிறுவனத்தில் தீத் தடுப்புப் பொறியாளர் வேலை. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகில் தொழிலாளர்கள் கவனமாக இருந்ததையும், ‘காலி’ என்று சொல்லப்பட்ட பீப்பாய்களுக்கு அருகில் அசட்டையாகப் புகைபிடித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். காலிப் பீப்பாயில் திரவம் இல்லை, ஆனால் ஆவி இருக்கிறது. அந்த ஆவிதான் வெடிக்கும். ‘காலி’ என்ற சொல் ஆபத்தும் காலி என்று கேட்பவருக்குச் சொல்லிவிட்டது.

இந்தியச் சட்டங்களில் இன்றும் பழைய சொல்தான். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், பெட்ரோலியம் எது என்று வரையறுக்கும் வரியிலேயே ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைக் கையாள்கிறது. 1952இல் வந்த இன்னொரு மத்தியச் சட்டத்தின் பெயரே ‘இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்’. நம் லாரிகளின் முதுகில் அந்தச் சொல் நிலைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதைச் சட்டம் சொல்லால் அளப்பதில்லை, வெப்பநிலையால் அளக்கிறது. ஒரு எண்ணெயிலிருந்து எழும் ஆவி, பொறி பட்டவுடன் குப்பென்று பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஃப்ளாஷ் பாயின்ட் என்று பெயர். அது 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் என்றால் ‘ஏ’ வகுப்பு, 23 முதல் 65க்குள் என்றால் ‘பி’, 65 முதல் 93க்குள் என்றால் ‘சி’. டீசலும் மண்ணெண்ணெயும் ‘பி’யில் வரும். பெட்ரோல் ‘ஏ’. அதன் ஃப்ளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்கும் மிகக் கீழே இருப்பதால், நம் ஊர் வெயில் வேண்டாம், மார்கழிக் குளிரிலும் அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

சானிடைசர் பாட்டில் வேறு மொழி பேசுவதற்கும் காரணம் உண்டு. ரசாயனப் பொருள்களின் லேபிளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறையின் ஆங்கில வாசகம் ‘ஃப்ளேமபிள்’ என்பதையே ஏற்றுக்கொண்டது. பல நாடுகளுக்குப் போகும் சரக்கின் லேபிள் அந்த வழியில் போகிறது. கூடவே சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் ஒரு சுடர்ப் படம் இருக்கும், எழுத்துத் தெரியாதவருக்கும் அது புரியும். பிரான்சில் மட்டும் யாருக்கும் இந்தக் கவலை இல்லை. பிரெஞ்சு மொழியில் எரியக்கூடியது ‘இன்ஃப்ளமாப்ல்’ என்ற பழைய சொல்தான், எரியாததற்கு முன்னால் இன்னொரு ‘இன்’ போட்டுக்கொள்கிறார்கள். திசை ‘இன்’னுக்கு மேல் எதிர்மறை ‘இன்’, இரண்டும் ஒரே சொல்லில்.

எதிர்மறைதான், ஆனால் எதிர்ப்பதம் இல்லை

‘இன்’ எதிர்மறை என்று உறுதியாகத் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடாது. எதிர்மறை வேறு, எதிர்ப்பதம் வேறு.

இன்வேல்யுவபிளைப் பாருங்கள். வேல்யுவபிள் என்றால் மதிப்புள்ளது. அதற்கு எதிர்ப்பதம் மதிப்பற்றது என்று தோன்றும். ஆனால் இங்கே மறுக்கப்படுவது மதிப்பு அல்ல, மதிப்பிடும் செயல். எந்த விலையும் போட முடியாத அளவு உயர்ந்தது. தமிழிலும் விலைமதிப்பற்றது என்றால் விலை இல்லாத குப்பை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே, அதே போக்குதான்.

இன்ஃபேமஸ் என்றால் புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் எல்லோருக்கும் தெரிந்தவர். புகழ் அவருக்கு நிறையவே உண்டு, அது நல்ல புகழ் அல்ல, அவ்வளவுதான். 2002இல் தொடங்கிய ‘இன்கிரெடிபிள் இந்தியா’ சுற்றுலா விளம்பரத்தில் இருக்கும் சொல்லும் இந்த ரகம். கிரெடிபிள் என்றால் நம்பத்தகுந்தது. இன்கிரெடிபிள் என்றால் நம்பத்தகாதது என்று ஆகாமல், ‘கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லையே’ என்ற வியப்பாக வளர்ந்துவிட்டது.

சில சொற்களில் எதிர்மறை உள்ளே புதைந்து கிடக்கும், சொல்லும்போது நமக்கு உறைக்காது. இன்ஃபன்ட் என்றால் கைக்குழந்தை. லத்தீனில் அதற்கு நேர்ப் பொருள் ‘பேசாதது’, இன்னும் பேச்சு வராத பிள்ளை. இம்யூன் என்றால் கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவர். சட்டத்தில் பேசப்படும் இம்யூனிட்டியும் தடுப்பூசியால் வரும் இம்யூனிட்டியும் ஒரே சொல்லானது அதனால்தான்: ஒன்றில் வழக்கு தொடாது, மற்றதில் நோய் தொடாது. எனிமி என்ற சொல்லில் ‘இன்’ முகம் மாறி ‘என்’ ஆகிவிட்டது. லத்தீனில் ‘அமிக்கஸ்’ என்றால் நண்பன், ‘இனிமிக்கஸ்’ என்றால் நண்பன் அல்லாதவன். நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘அமிக்கஸ் கியூரி’, அதாவது நீதிமன்றத்தின் நண்பர், என்பதில் இருக்கும் அமிக்கஸ்தான் எனிமிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

‘அன்’, ‘இன்’, ‘அ’: ஒரு குடும்பம்

எதிர்மறை ‘இன்’னுக்கு உறவுகள் உண்டு. ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு ‘அன்’, கிரேக்கத்தின் ‘அ/அன்’, சமஸ்கிருதத்தின் ‘அ/அன்’ எல்லாம் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. நாம் அன்றாடம் சொல்லும் அநீதி, அசுத்தம், அநியாயம் ஆகியவற்றின் தலையில் இருக்கும் ‘அ’வும் ‘இன்கரெக்ட்’டின் தலையில் இருக்கும் ‘இன்’னும் தூரத்துச் சொந்தக்காரர்கள். உயிரெழுத்துக்கு முன் ‘அ’ என்பது ‘அன்’ ஆகும்: அர்த்தம் – அனர்த்தம். கிரேக்கத்திலும் அதே விதி. ரத்தசோகைக்குச் சொல்லும் அனீமியா என்பது அன் + ஹைமா. ஹைமா என்றால் ரத்தம்.

ஆங்கிலத்தில் எப்போது ‘அன்’, எப்போது ‘இன்’ என்று கேட்டால் முழுமையான விதி கிடையாது. ஆனால் தேர்வு எழுதுபவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு இடத்துக்குக் காரணம் சொல்ல முடியும். பெயரடைக்கு ‘அன்’ வரும், அதன் பெயர்ச்சொல்லுக்கு ‘இன்’ வரும்:

1. அன்ஏபிள் – இன்எபிலிட்டி.
2. அன்ஜஸ்ட் – இன்ஜஸ்டிஸ்.
3. அன்ஈக்வல் – இன்ஈக்வாலிட்டி.
4. அன்ஸ்டேபிள் – இன்ஸ்டெபிலிட்டி.

வலப்பக்கச் சொற்கள் பிரெஞ்சு வழியாகவும் லத்தீன் வழியாகவும் முழுச் சொல்லாகவே இறக்குமதியானவை, வரும்போதே ‘இன்’னோடு வந்தன. இடப்பக்கம் ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்த ‘அன்’னை வைத்து வீட்டிலேயே செய்துகொண்டவை. இந்த நான்கையும் சேர்த்துப் படித்துக்கொண்டால் மற்றவை தானாகப் பழகிவிடும்.

புதிய சொல் ஒன்று எதிரே வந்தால்

1. முதலில் அந்த ‘இன்’ முன்னொட்டுதானா என்று பாருங்கள். இன்சுலின் என்பதில் இருப்பது தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல், கணையத்தில் தீவுகள்போலத் திட்டுத் திட்டாக இருக்கும் செல்களில் சுரப்பதால் வந்த பெயர். இன்டர்நேஷனல் என்பதில் ‘இன்டர்’ என்ற வேறொரு முன்னொட்டு.
2. வாலைக் கழற்றுங்கள். மிச்சம் வினையா, பண்பா?
3. வெட்டிய பிறகும் வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அகராதி. ஊகம் எல்லா இடத்திலும் போதாது, உயிருக்கு ஆபத்தான பொருள்களில் போதவே போதாது.

கடைசியாக, அந்த லாரிக்கே திரும்பிப் போவோம். 2017 ஜூன் 25ஆம் தேதி பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், அகமதுபூர் கிழக்கு நகருக்கு அருகே ஒரு டேங்கர் கவிழ்ந்தது. வழிந்த எண்ணெயைப் பாத்திரங்களில் பிடிக்க ஊர் மக்கள் கூடினார்கள். தீப்பற்றி 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது எந்தச் சொல்லின் குற்றமும் அல்ல. ஆனால் டேங்கர் கவிழ்ந்தால் பக்கத்தில் முதலில் நிற்பவர்கள் யார் என்பதை அது காட்டுகிறது: வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் ஓடி வருபவர்கள். நம் ஊரில் கவிழ்ந்தாலும் அப்படிப்பட்டவர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். அவர்களிடம் லத்தீன் வேரை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது.

அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் இந்தக் குழப்பம் எழவே எழாது. தமிழில் எதிர்மறை வாலில் வருவதால் பற்றும் என்றால் பற்றும், பற்றாது என்றால் பற்றாது. சில வண்டிகளில் தமிழ் வாசகமும் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில், தூசி படிந்து. தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் டேங்கரின் முதுகில் மேல் வரியாக, பெரிய எழுத்தில் ‘எளிதில் தீப்பற்றும்’ என்று இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வேண்டுமென்றால், ‘ஃப்ளேமபிள்’ போதும்.